குன்னூர் குளிரும் இரண்டு இடது கால்களும்

நவம்பர் 8

குன்னூரில் குடியிருக்கலாம் என்று முதன்முதலில் நினைத்த ஆள் யாரோ, கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன். கோவில்பட்டி வெயிலில் ஐம்பத்தாறு வருஷம் வறுபட்ட உடம்பு இது. அங்கே மார்கழியிலும் ஃபேன் ஓடும். இங்கே சாயங்காலமானால் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். நைட்டிக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் துண்டு, அதற்கு மேல் அவருடைய மப்ளர். கண்ணாடியில் பார்த்தால் ரயிலுக்குக் கட்டிவைத்த படுக்கை மாதிரி இருக்கிறேன்.

அவர் என்றால் சென்னியப்பன். செப்டம்பரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டோம். எனக்கு முதல் கல்யாணம், அவருக்கு இரண்டாவது. கணக்கு டீச்சராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிய உலகம்மைக்கு ஒரு துணை வேண்டும் என்று, கூட வேலை பார்த்த ஜெயசெல்வி பார்த்துவைத்த இடம். தேயிலை ஃபேக்டரியில் மேனேஜராக இருந்தவர். முதல் மனைவி கோகிலவாணி தவறி நாலு வருஷம் ஆகிறது. ஒரே மகள் அமுதினி பெங்களூரில். நல்ல மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். அதிராமலும் அதிகம் பேச மாட்டார். என்னை ‘டீச்சர்’ என்பார், நான் அவரை ‘சார்’ என்பேன். வீட்டுக்குள் இரண்டு பேராக ஒரு ஸ்டாஃப் ரூம் நடத்துகிறோம்.

வரும்போதே அவரிடம் நேராகச் சொல்லிவிட்டேன். பொங்கல் வரைக்கும் பார்ப்பேன், ஒத்துவரவில்லை என்றால் என் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். “சரிங் டீச்சர்” என்றார். கோவில்பட்டியில் என் வீட்டில் வாடகைக்கு இருக்கிறவர்களிடமும் தம்பி குருபரன் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். தையில் நான் வருகிறேனா, இல்லையா? மார்கழிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்று என் பல் தந்தி அடிக்கிற சத்தம் கேட்டு, அறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் டிரஸ்ஸிங் கவுனைக் காட்டினார். மெரூன் நிறம், மெத்தென்று இருந்தது.

“இதைப் போட்டுக்கலாமுங் டீச்சர். ஊட்ல வாங்குனது.”

இந்த ‘ஊட்ல’ பற்றி எழுத வேண்டும். வந்த புதிதில் ரோஜாச் செடியைக் காட்டி, “ஊட்ல வெச்சதுங்” என்றார். ஊட்டியிலிருந்து வாங்கிவந்தார் போலிருக்கிறது என்று நினைத்து, “ஊட்டியில எந்த நர்சரி சார்?” என்று கேட்டுவிட்டேன். மனிதர் ரொம்ப நேரம் முழித்தார். ஊட்ல என்றால் வீட்டில். கொங்குநாட்டுப் பேச்சு அது. வீட்டில் என்றால் வீட்டுக்காரி. அதாவது கோகிலவாணி. ஊட்ல வாங்கிய கவுன், ஊட்ல வைத்த ரோஜா, ஊட்ல இருந்தப்போ செய்த இஞ்சித் துவையல். நான் டீச்சர்.

“வேண்டாம் சார், எனக்குச் சின்னதா இருக்கும். நானே தச்சுக்கிடுதேன்” என்றேன்.

“தைப்பீங்களாங்?”

“கணக்கு டீச்சர் சார் நான். பைஜாமான்னா ரெண்டு உருளை. கவுன்னா ஒரு செவ்வகம், ரெண்டு கை. அதுல என்ன இருக்கு?”

அளவு சின்னது என்பதால்தான் வேண்டாம் என்றேன். வேறு ஒன்றும் இல்லை.

நவம்பர் 11

கீழ்க் குன்னூரில் ஜவுளிக் கடைக்குப் போனோம். ரெடிமேடு பைஜாமா எல்லாவற்றிலும் கரடிக்குட்டி, இல்லாவிட்டால் இதயம். என் வயசுக்குத் தொடையில் கரடி வேண்டாம். ஃபிளானல் துணி கேட்டேன். நீலத்தில் வெள்ளைக் கட்டம் பைஜாமாவுக்கு, கரும்பச்சை கவுனுக்கு. கட்டத் துணியில் ஒரு பக்கம்தான் பூனை முதுகு மாதிரி மென்மை, இன்னொரு பக்கம் சாதா. பச்சைத் துணி இரண்டு பக்கமும் மெத்து.

“தண்ணியில போட்டு எடுத்துக் காயவெச்சுட்டு வெட்டுங்கம்மா, இல்லைன்னா தச்சப்புறம் சுருங்கிப் போகும்” என்றார் கடைக்காரர்.

சரி, ஒரு நாள் வேலை என்று நினைத்தேன்.

நவம்பர் 12

நனைத்தேன்.

நவம்பர் 13

காயவில்லை.

நவம்பர் 15

காயவே இல்லை. கோவில்பட்டியில் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால் துணி மொரமொரவென்று நிற்கும். இங்கே காலையில் வெளியே போட்டால் மஞ்சு வந்து இன்னொரு முறை நனைத்துவிட்டுப் போகிறது. (பனிமூட்டத்துக்கு இவர்கள் மஞ்சு என்கிறார்கள். பெயர் மட்டும் லட்சணம்.) ஈரத்துணியை உள்ளே கொண்டுவந்து சாப்பாட்டு மேஜை, நாற்காலி, சோபா, கதவு என்று எல்லாவற்றிலும் போர்த்தியிருக்கிறேன். ஹாலுக்குள் குனிந்துதான் நடக்க வேண்டும்.

அவர் தினமும் காலையில் கோகிலவாணி படத்துக்கு முன்னால் நின்று ஏதோ சொல்வார். மழை, மகள் ஃபோன் செய்தது, ரோஜா பூத்தது, இந்த மாதிரி. பூஜை கிடையாது, ஆஃபீசுக்குக் கிளம்புகிறவர் சொல்லிவிட்டுப் போகிற மாதிரிதான். இன்று என் கட்டத் துணிக்குக் கீழே தலையை நுழைத்துப் போய்ப் படத்துக்கு முன்னால் நிமிர்ந்தார். துணி அவர் தலையிலேயே முக்காடு போட்ட மாதிரி நின்றுவிட்டது. அப்படியே நின்று சொல்லி முடித்தார். நான் சமையலறைக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

தினமும் சொல்கிற அளவுக்கு அப்படி என்ன விஷயம் இருக்குமோ. எனக்கென்ன வந்தது.

நவம்பர் 18

ஒருவழியாகக் காய்ந்தது. பாதி காற்றில், மீதி அவர் கையில். நான் குளித்துவிட்டு வருவதற்குள் இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஒவ்வொரு முழமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். “தேயிலையும் இப்படித்தானுங், சூடு பக்குவமா இருந்தாத்தான் காயும்” என்றார். இத்தனை நாளில் இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

நவம்பர் 19

இந்த வீட்டில் தையல் மெஷின் ஒன்று இருக்கிறது. ஜன்னலோரம் விரிப்புப் போட்டு மூடி, மேலே பூச்சாடி. யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. கேட்க ஒரு மாதிரி இருந்தது. கேட்டேன்.

“ஊட்ல மெஷினுங்” என்றார். அத்தோடு எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். போச்சு என்று நினைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பூச்சாடி தரையில் இருக்கிறது, மனிதர் சப்பணம் போட்டு உட்கார்ந்து மிதிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார். மெஷின் கடகடவென்று நன்றாகவே ஓடுகிறது.

நவம்பர் 21

இன்று நடந்ததை என் பழைய மாணவிகள் யாராவது பார்த்திருந்தால் என் மானம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கும்.

செய்தித்தாளில் கால் வரைந்து வெட்டினேன். முன்பக்கம் குறைந்த வளைவு, பின்பக்கம் கூடுதல் வளைவு, எல்லாம் சரி. அதைத் துணிமேல் வைத்து ஒரு கால் வெட்டினேன். அப்படியே நகர்த்தி வைத்து இன்னொரு கால் வெட்டினேன். உற்சாகத்தில் பாட்டு வேறு. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் சேரவில்லை. திருப்பினேன், சுழற்றினேன், தலைகீழாகப் பிடித்தேன். அப்புறம்தான் உறைத்தது. இரண்டும் இடது கால்!

காகிதத்தைத் திருப்பிப் போட்டு வெட்டியிருக்க வேண்டும். கண்ணாடியில் தெரிகிற பிம்பம் மாதிரி. பிரதிபலிப்பு என்கிற பாடத்தை வருஷா வருஷம் நடத்தியவள் நான். புரியாத பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொன்னவள் நான். மிச்சத் துணியில் ஒரு கைக்குட்டைதான் வரும்.

அவர் வந்து இரண்டு துண்டையும் பார்த்தார். “ரெண்டும் ஒரே மாதிரி அழகா வெட்டியிருக்கீங்க டீச்சர்” என்றார். பாவம், பாராட்டுகிறாராம்.

நவம்பர் 22

ஒரு காலை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பினால் அது வலது கால். சிம்பிள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் புரண்டதற்கு விடை பல் தேய்க்கும்போது வருகிறது.

நவம்பர் 24

பைஜாமா முடிந்தது. இடது காலுக்கு மென்மை வெளியே, வலது காலுக்கு மென்மை உள்ளே. கட்டமும் ஒன்றில் பளிச், இன்னொன்றில் மங்கல். இடுப்புக்கு எலாஸ்டிக் வேண்டாம் என்று நாடா கோத்தேன். ஊக்கு பாதி வழியில் கழன்று உள்ளேயே தங்கிவிட்டது. அதைத் தள்ளித் தள்ளி வெளியே எடுப்பதற்குள் உளுந்து ஊறிப் புளித்திருக்கும்.

ஆனாலும் போட்டுக்கொண்டு அறையை விட்டு வெளியே வரத் தயக்கமாக இருந்தது. ஐம்பத்தாறு வயசு வரைக்கும் சேலையும் நைட்டியும்தான். இரண்டு காலும் தனித்தனியாக ஒரு ஆம்பளை முன்னால் நடந்து போனதே கிடையாது. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கடகடவென்று சமையலறைக்கு நடந்தேன்.

“டீச்சர்.”

நின்றேன்.

“ஒரு காலுக்கு வெயிலு, ஒரு காலுக்கு மஞ்சுங்” என்றார்.

திரும்பிப் பார்த்தால் பேப்பருக்குப் பின்னால் தோள் குலுங்குகிறது. எனக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தோம். சிரித்தால் அவர் முகமே வேறு. அந்த முகத்தை இரண்டு மாசமாக எங்கே வைத்திருந்தாரோ.

இன்று அவ்வளவாகக் குளிரவில்லை.

நவம்பர் 29

கவுனுக்கு அளவு வேண்டும். செவ்வகமும் இரண்டு கையும் என்று அன்றைக்கு அளந்துவிட்டேனே தவிர, கைக்குழி எவ்வளவு இறங்க வேண்டும், கழுத்தைச் சுற்றி வருகிற பட்டைக் காலர் எங்கே மடங்க வேண்டும் என்பதெல்லாம் பெரிய வித்தை. மாதிரிக்கு ஒன்று கதவுக்குப் பின்னால் தொங்கும்போது நான் ஏன் முட்டிக்கொள்ள வேண்டும்? அவர் காலை நடைக்குப் போன பிறகு எடுத்தேன்.

செய்தித்தாளை விரித்து, மேலே வைத்து வரைந்தேன். அத்தோடு திருப்பி மாட்டியிருக்கலாம். கை நீளம் தெரிய வேண்டுமே என்று போட்டுப் பார்த்தேன். அளவு பார்க்கத்தான். சின்னதாக இருக்கும் என்று நான் சொன்னது பொய்யாகிவிட்டது. அப்படியே பொருந்துகிறது. முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தார்கள், நல்ல பொடித் தையல். கோகிலவாணி என்னைவிட நன்றாகத் தைத்திருக்கிறார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று காலரை மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் சத்தம். மழை பிடித்துவிட்டது என்று பாதியில் திரும்பியிருக்கிறார். நான் திரும்பினேன். அந்த முகத்தை எப்படி எழுதுவது? வெளுத்துப் போயிருந்தது. குடையைக்கூட எடுக்காமல் அதே மழையில் வெளியே போய்விட்டார்.

கழற்றி மாட்டினேன். அவசரத்தில் இரண்டு தடவை கீழே விழுந்தது. போட்டுக்கொள்ளச் சொன்னவர் அவர்தானே? நான் என்ன திருடியா? வெகுநேரம் கழித்து நனைந்து வந்தார். துண்டு கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 30

ரசம் வைத்தேன். நன்றாக இருந்தது. யாரும் சொல்லவில்லை.

டிசம்பர் 2

ஒட்டுக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ரோஜாச் செடிப் பக்கம் நின்று அவர் மகளோடு ஃபோனில் பேசினார், நான் உள்ளே ஜன்னலருகில் கவுனுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். காது என்ன செய்யும்?

“இல்ல கண்ணு… ஊட்ல கேக்காம நான் எப்படிக் குடுக்கறது? ஊட்ல மெஷினு அது… ஆமா, உனக்கும் வேணும்தான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ஊட்ல மனசு சங்கடப்படும். கேட்டுட்டுச் சொல்றேன்.”

தையல் மெஷினை அமுதினி கேட்கிறாள். நியாயம், அம்மாவுடைய மெஷின். இவர் அதை நாளைக் காலையில் படத்துக்கு முன்னால் நின்று கேட்பார். செத்துப் போனவரின் மனசு சங்கடப்படக் கூடாது. அவரிடம் கேட்காமல் இங்கே ஒரு ஊசியும் அசையாது. அதே மெஷினைத் தினமும் காலால் மிதித்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, அவளிடம் ஒரு வார்த்தை? அவள் டீச்சர். சாக்பீஸை வைத்துவிட்டு ஊருக்குப் போகிறவள்.

பச்சைத் துணியில் வலது கை இரண்டு தடவை கோணிவிட்டது. கத்திரி மழுங்கல்.

டிசம்பர் 3

குருபரனுக்கு ஃபோன் செய்தேன்.

“ஏலே, குடியிருக்கவுகட்ட சொல்லிரு. தையில நான் வந்துருதேன். வேற வீடு பாத்துக்கிடட்டும்.”

“ஏன்க்கா? அவுக எதுவும் சொல்லிட்டாகளா?”

“அவுக ஒண்ணும் சொல்லல. குளிரு ஒத்துக்கல.”

“பைஜாமால்லாம் தச்சேன்னு சொன்ன?”

“ஃபோனை வைலே.”

குளிர்தான் காரணம். இந்த வயசில் மூட்டுக்கு ஆகாது.

மத்தியானம் கவுனின் தோள்பட்டை மூட்டினேன். கோவில்பட்டியில் ஃபிளானல் கவுனை வைத்து என்ன செய்வேனோ! வெட்டிப்போட்ட துணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போக மனசு வராது. அவ்வளவுதான். நடுவில் நூல் தெரியாமல் கண்ணை மறைத்தது. வெளிச்சம் பத்தவில்லை.

டிசம்பர் 5

காலர் மட்டும்தான் பாக்கி. நான் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார், போனார், திரும்ப வந்தார். முட்டை வைக்கிற கோழிகூட இவ்வளவு நடக்காது.

“என்ன சார்?”

“ஒண்ணு கேக்கணுமுங். மூணு நாளா வாயே வரமாட்டேங்குது.”

தெரியும், கேளுங்கள் என்று சொல்லிவிட்டு மிதியிலிருந்து காலை எடுத்தேன்.

“அமுதினி இந்த மெஷினைக் கேக்கறா. ஊட்ல கேட்டுட்டுச் சொல்றேன்னேன்.”

“கேட்டுட்டியளா?”

“அதானுங் இப்பக் கேக்கறேன்.”

“என்கிட்டயா? படத்துக்கிட்ட கேளுங்க சார். ஊட்ல அவுகதான.”

குரல் உயர்ந்துவிட்டது. முப்பது பெண் பிள்ளைகளை அடக்குகிற குரல். மனிதர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். பிறகு மெதுவாகப் புரிந்தது அவருக்கு. முகம் சிவந்தது.

“ஊட்லன்னு உங்களைத்தானுங் சொன்னேன்” என்றார். “வெளிய எல்லார்கிட்டயும் இப்ப அப்படித்தான் சொல்றது. அன்னைக்குத் துணிக் கடையில கூட, ஊட்ல தைக்கறாங்கன்னு சொன்னேன். நேர்ல அப்படிக் கூப்பிட முடியாதுங்களே? அதான் டீச்சர்.”

கையிலிருந்த காலரை மெஷின்மேல் வைத்தேன். கேட்டால்தான் ஆகும் என்று அன்றைய விஷயத்தையும் கேட்டுவிட்டேன்.

“அப்போ அந்த மெரூன் கவுனைப் போட்டிருந்த அன்னைக்கு, பேயைப் பாத்த மாதிரி ஏன் சார் ஓடுனீய? அவுக உடுப்பைத் தொட்டது பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லிருக்கலாம்லா?”

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தரையைப் பார்த்தே பேசினார்.

“முதுகைப் பாத்தப்ப ஒரு நிமிசம் அவதான்னு தோணிடுச்சு. அப்படியொரு சந்தோசம். அப்புறம் நீங்க திரும்புனீங்க. நீங்கன்னு தெரிஞ்சுது.” மிதியில் சுற்றியிருந்த நூலைப் பிய்த்து எடுத்தார். “நீங்கன்னு தெரிஞ்ச பின்னாலயும் அந்தச் சந்தோசம் போகலீங். அதான் பயந்துட்டேன். அவளுக்குத் துரோகம் பண்ற மாதிரி இருந்துச்சு. நடந்தேன், நனைஞ்சேன், அப்பவும் போகல. நீங்க பொங்கலுக்குப் போயிருவீங்களேன்னு வேற இருக்குது. இதையெல்லாம் எங்க போய்ச் சொல்றது? காலையில அவகிட்டத்தான் சொன்னேன்.”

நான் எழுந்து பால் பொங்குகிறதா என்று பார்க்க சமையலறைக்குப் போனேன். அடுப்பில் பால் இல்லை. அடுப்பே எரியவில்லை. சேலைத் தலைப்பு என்று நினைத்து மேஜை விரிப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

“அமுதினிகிட்ட சொல்லுங்க. அவ அம்மா கவுனை எடுத்துக்கிடட்டும். அதுல அவுக கை போட்ட தையல் இருக்கு, அது அவளுக்குத்தான் சேரணும். மெஷினைத் தரமாட்டேன்.”

“தரமாட்டீங்களா?”

“தரமாட்டேன். நீங்க ஓட்டை ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு அலையுதீய. உங்களுக்கு யாரு தைப்பா?”

அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஃபோனை எடுத்து, என் எதிரிலேயே, “கண்ணு, ஊட்ல தரமாட்டேங்கிறாங்க” என்றார். கலெக்டர் உத்தரவைப் படிக்கிற மாதிரி அவ்வளவு பெருமை அந்தக் குரலில்.

டிசம்பர் 6

காலையில் முதல் வேலையாகக் குருபரனுக்கு ஃபோன். மஞ்சில் சிக்னல் இல்லை. ராத்திரியே காலர் வைத்து முடித்த கரும்பச்சைக் கவுனைப் போட்டுக்கொண்டு, ஒரு கால் பளிச், ஒரு கால் மங்கலோடு, தெருமுனை வரைக்கும் நடந்துவிட்டேன். பால்காரர் பைக்கை நிறுத்திப் பார்த்தார். பார்க்கட்டும்.

“குடியிருக்கவுகட்ட சொல்லிட்டியாலே?”

“இன்னும் சொல்லலக்கா. ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லுவோம்னு இருந்தேன். உன்னைப் பத்தித் தெரியாதா எனக்கு?”

நடுரோட்டில் அப்படியே நின்றேன். இவனைத் தூக்கி வளர்த்த இடுப்பு வீண்போகவில்லை.

“அவுகளையே இருக்கச் சொல்லு. எத்தனை வருஷம் வேணும்னாலும் இருக்கட்டும்.”

“குளிரு ஒத்துக்கலைன்ன?”

“ஒத்துக்கலதான். இன்னும் நல்லாத்தான் குளிருது. அதுக்குன்னு வீட்டை விட்டுட்டு வர முடியுமாலே?”

“எந்த வீட்டைக்கா?” என்றான்.

கழுதை, வேண்டுமென்றேதான் கேட்டான். “குன்னூர்ல இருக்குற என் வீட்டைத்தாம்லே” என்று நானும் சொன்னேன்.